ரெண்டும் ஒரே எடை

கூட்டுறவுச் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவுக்கு, சங்கத்துக்கு வந்திறங்கிய புது டிராக்டர் மேல் ஒரே மோகம். அதன் எஞ்சின் பிளாக் அலுமினியம். சங்கத்தின் பழைய டிராக்டருக்கோ வார்ப்பிரும்பு. பழையதைக் காயலான் கடைக்குப் போட்டால் அதை ஓட்டிப் பிழைக்கும் கோகிலவாணிக்கு வேலை போய்விடும். புதியதை ஓட்டத் தலைவரின் மச்சினன் தயாராக நின்றான்.

“பழைய வண்டியும் இருக்கட்டுமுங்களே,” என்றாள் கோகிலவாணி.

“அந்த இரும்புக் குண்டா? புதுசு எத்தனை லேசு தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் ஒரே எடைக்கு வரட்டும், உன்ற வேலை உனக்கு,” என்றார் தலைவர். உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் வேலை கேட்டால் சிரிக்க அவர்களுக்குக் காரணமா வேண்டும்?

“சரிங்க தலைவரே. முதல்ல புதுசு உழுகறதைப் பார்க்கலாமுங்க.”

மச்சினன் புது வண்டியைக் களிமண் வயலில் இறக்கினான். கலப்பை ஆழப் பதிந்ததும் வண்டியின் முன்பக்கம் மிரண்ட குதிரை மாதிரி மேலே எழும்பியது.

“முன்னாடி வெயிட்டைக் கட்டுங்கடா,” என்று தலைவர் பதறினார். இரும்புக் கட்டிகளை வரிசையாக மாட்டினார்கள். வண்டி தரையில் படியும்வரை கோகிலவாணியும் சளைக்காமல் தூக்கிக் கொடுத்தாள்.

“இப்ப ரெண்டையும் எடை மேடைக்கு ஓட்டலாமுங்களா?”

கட்டிய இரும்போடு புதியதும் பழையதன் எடைக்கு ஏறிவிட்டது தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. “வெயிட்டைக் கழட்டுங்கடா.”

“கழட்டினா உழுகாதுங்களே. உள்ள இருந்த இரும்பை எடுத்து வெளியில தொங்கவிடறதுக்கா புது வண்டி?”

உறுப்பினர்கள் மறுபடியும் சிரித்தார்கள், இந்த முறை தலைவரைப் பார்த்து. மிச்ச வயலைப் பழைய வண்டிதான் உழுதது, ஓட்டியவள் கோகிலவாணி.