நம்பர் அடித்த வருஷம்

"டீச்சர், எங்கப்பா பொய் சொல்லிட்டாரு."

வந்ததும் வராததுமாக சொரிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார்.

பாளையங்கோட்டையில் எப்சிபாவின் துப்பாக்கிப் பட்டறை. பழைய ரிவால்வரின் நம்பரைப் பார்த்து அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு வயது நாற்பது. சிஷ்யர் சொரிமுத்து ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர், அறுபத்துநாலு. ஆறு மாதமாகப் படிக்கிறார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"என்ன பொய் அண்ணாச்சி?"

"அவரு போலீஸ்ல இருந்தப்ப வச்சிருந்த சர்வீஸ் ரிவால்வர் இப்ப போலீஸ் மியூசியத்துல இருக்கு. ஐம்பத்தெட்டுல புத்தம் புதுசா வந்துச்சு, பெட்டியப் பிரிச்ச முதல் ஆளு நாந்தான்னு எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து சொல்லுதாரு. கம்பெனி லிஸ்ட்டப் பாத்தேன். அந்த நம்பர் அடிச்சது ஐம்பத்திரண்டுல!"

"அவருகிட்ட கேட்டீங்களா?"

"லிஸ்ட்டையே நீட்டிட்டேன். தொண்ணூத்திரண்டு வயசு. சுவரப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." குரல் இறங்கியது. "மியூசியத்துல அதுக்குப் பக்கத்துல வைக்க நாந்தான் விவரக் கார்டு எழுதிக் கொடுக்கணும். பொய்ய எப்படி டீச்சர் எழுத?"

எப்சிபா அரத்தைக் கீழே வைத்தாள்.

"நம்பர் எதுல அடிப்பாவ?"

"பிரேம்ல, துப்பாக்கியோட உடம்புல."

"அடிச்ச பிரேம?"

"கம்பெனியில ஒரு தொட்டியில போடுவாவ."

"துப்பாக்கியா மாட்டும்போது?"

"மேல கிடக்கத எடுப்பாவ."

"அப்ப அடியில கிடக்கது?"

"அது கிடக்கும், வருஷக்கணக்கா. ஐம்பத்திரண்டுல நம்பர் அடிச்சது ஐம்பத்தெட்டுலகூடத் துப்பாக்கியா வரலாம். தெரியும் டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். ஆனா அப்படி இருக்கலாம்ங்கது ஒரு சாட்சியா?"

முப்பத்தைந்து வருஷப் போலீஸ் புத்தி. லேசில் போகுமா?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அண்ணாச்சி, உங்க பிறந்தநாள் என்னைக்கு?"

"ஜூன் ஒண்ணு."

"நெசமாவா?"

"அட, அது ஹெட்மாஸ்டர் போட்டது. தலையச் சுத்திக் கையக் கொண்டு போயி மறுபக்கக் காதத் தொடச் சொன்னாரு. தொட்டுட்டேன். அஞ்சு வயசு ஆயிட்டுன்னு ஜூன் ஒண்ணு எழுதிட்டாரு. சர்வீஸ் புக்கு, பென்ஷன் எல்லாத்துலயும் அதான்."

"அப்ப பொறந்தது?"

"ஐப்பசியில." சொரிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "சரியான அடைமழை. வாய்க்கா ஒடச்சுக்கிட்டு வீட்டச் சுத்தித் தண்ணி. மருத்துவச்சியத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு வெள்ளத்துல வந்தாவளாம். அந்தம்மா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்துச்சாம்!"

"யாரு தூக்கிட்டு வந்தது?"

"எங்கப்பாதான்."

"இதுக்குச் சாட்சி?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கீங்க? எங்கப்பாவே சொன்ன..."

எப்சிபா அரத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து சொரிமுத்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"அப்பா, நாந்தான். அந்தப் பெட்டிய எப்படிப் பிரிச்சீங்கன்னு மெதுவா ஒருதரம் சொல்லுங்க. கார்டுல எழுதணும்."