காய் நறுக்குகிறவரைப் பற்றி ஒரு விசாரணை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் ஆவுடையப்பன். இரண்டாவது ஆள் திருவம்பலம். ஆவுடையப்பன் குணம் எனக்கு முன்பே தெரியும், அதனால் அவனை விட்டுவிடலாம். திருவம்பலத்தை விடமாட்டேன்.

ஆவுடையப்பன் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். அவனிடம் நான் பெரிய தவசிப்பிள்ளையாக, அதாவது தலைமைச் சமையல்காரனாக இருந்தேன். எனக்குக் கீழே முப்பது பேர். மாதம் முப்பத்தைந்தாயிரம், கையில் கொடுப்பான். ரசீது, கையெழுத்து எல்லாம் அந்தத் தொழிலில் கிடையாது. ஒரு நாள் என் ஆட்களில் ஒருவனை அவன் கை நீட்டி அடித்தான். நான் கரண்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருக்கிறது. மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அந்தச் சமையற்கட்டை மொத்தமாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அங்கே ஆள் எடுக்கிற பொறுப்பு திருவம்பலத்துக்கு. மடத்துத் தலைவரான சுவாமியின் சீடர். காவி கட்டுவதற்கு முன்னால் ஒரு மில்லில் இதே வேலை பார்த்தவர். தலை நரைத்த பிறகுதான் மடத்துக்கு வந்தார். ஆளை மேலும் கீழும் பார்க்கிற பார்வையை மில்லிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

“கடைசியா என்ன வேலை?”

“பெரிய தவசிப்பிள்ளை.”

“சம்பளம்?”

“முப்பத்தஞ்சு.”

“அதுக்குச் சிலிப் இருக்கா?”

“அடுப்படியில ஏது சாமி சிலிப்?”

“அப்போ நான் எதை வச்சு நம்புறது?”

“விசாரிச்சுக்கிடுங்க” என்றேன். ஆவுடையப்பன் நம்பரை நான்தான் கொடுத்தேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். நான் பந்தி நடக்கும் கூடத்து வாசலில் நின்றேன். இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களை ஏற்றி வந்திருந்த பஸ், என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பஸ். வரிசையில் சம்பந்தியின் தம்பி இருந்தார்.

“என்ன சம்பந்தி, இங்க சமையல் நீங்கதானா? அப்போ எனக்கு ரெண்டு இலை போடச் சொல்லுங்க” என்றார்.

“இன்னைக்கு இல்ல. நாளையிலிருந்து” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

திருவம்பலம் திரும்பி வந்தார். வாசலில் நின்றே ஆரம்பித்தார். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு.

“ஏங்க, நீங்க அங்க காய் நறுக்கிட்டிருந்தவராமே! சம்பளம் பன்னெண்டாயிரமாம். மடத்துல வந்து இப்படிப் பொய் சொல்லலாமா?”

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியின் தம்பி மட்டும் பார்க்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த பஸ் பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரும். என் மகள் அந்த ஊரில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும், கடைக்குப் போகவேண்டும்.

நான் செருப்பைத் தேடினேன். அப்போது உள்ளிருந்து சுவாமி கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் இங்க வாங்க.”

அவர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல். பந்தி முடிந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். அதுவரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார்.

திருவம்பலம் கேட்டார்: “சுவாமி, எனக்கு மில்லுல இருந்த நாள்லயே இந்தச் சந்தேகம் உண்டு. சின்ன வேலைக்கு வர்றவன் உள்ளதைச் சொல்லிடுறான். பெரிய வேலைக்கு வர்றவங்கதான் அங்க அப்படி இருந்தேன், இவ்வளவு வாங்கினேன்னு அளக்குறாங்க. இதுல எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

சுவாமிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“மில்லுல எப்படிக் கண்டுபிடிச்சீர்?”

“ஒரு மேனேஜர் வந்தார். சொன்ன சம்பளம் ரொம்பப் பெரிசு. பழைய கம்பெனியைக் கேட்டேன். பாதிதான்னாங்க. பிடிச்சுட்டேன்.”

“அவர் இப்ப எங்க இருக்கார்?”

“தெரியலை சுவாமி. திருப்பி அனுப்பிட்டோம்.”

“அவர் ஏதாவது சொன்னாரா?”

“சொன்னார். யார் கேட்டா?”

சுவாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். கூடத்தில் சாம்பார் இரண்டாவது தடவை போய்க்கொண்டிருந்தது.

“இன்னைக்கும் அப்படித்தான் கேட்டீரா?”

“ஆமா. மடத்துச் சமையலுக்குத் தலைவரா எடுக்கப்போறோம், ஆள் எப்படின்னு கேட்டேன்.”

“உடனே சொல்லிட்டாரா?”

“கொஞ்சம் யோசிச்சார்.”

“காய் நறுக்குறவரைப் பத்திச் சொல்ல என்ன யோசனை?”

“நிறைய ஆள் வச்சிருப்பார். ஞாபகம் வரணுமே.”

சுவாமி என் பக்கம் திரும்பினார். “ஓய், அங்க காய் நறுக்குறது யாரு?”

“நாலஞ்சு பொம்பளைங்க, சாமி. என்னை நறுக்க விடமாட்டாங்க. துண்டு துண்டாப் பெரிசாப் போடுதேன்னு ஏசுவாங்க.”

சுவாமி சத்தம் போட்டுச் சிரித்தார். திருவம்பலம் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை போன் போடும்” என்றார் சுவாமி. “எனக்கும் கேக்குற மாதிரி வையும். இவரை நாங்க எடுக்கலைன்னு மட்டும் சொல்லும்.”

“அது பொய்யில்லையா சுவாமி?”

“எடுத்துட்டீரா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன?”

திருவம்பலம் போனைப் பாயில் வைத்து அமுக்கினார். ஆவுடையப்பன் எடுத்தான்.

“அண்ணாச்சி, மடத்துல இருந்து பேசுறேன். அந்த ஐயம்பெருமாளை நாங்க எடுக்கலை.”

“எடுக்கலையா? நல்ல காரியம் செஞ்சீங்க, சாமி! ஆளு இப்ப எங்க?”

“இங்கதான்.”

“விட்டுறாதீங்க. வண்டி அனுப்புதேன். ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்கி. அவன் போனதில இருந்து இந்த முப்பது பயலும் ஒருத்தன் சொன்னா ஒருத்தன் கேக்க மாட்டேங்கான். நேத்து சொதிக் குழம்புல தேங்காப்பால் திரிஞ்சு போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் பந்தியில வச்சு என் சட்டையைப் பிடிச்சுட்டான், சாமி. அவன்ட்ட சொல்லுங்க, பழைய முப்பத்தஞ்சைத் தாரேன். மேல வேணும்னாலும் பேசிக்கிடலாம். கோவக்காரப் பய. நீங்க சொன்னாக் கேப்பான்.”

திருவம்பலம் போனை அணைத்தார்.

பிறகு சுவாமி என்னிடம் கேட்டார்: “தேங்காய்ப்பால் ஏன் திரியுது?”

“கொதிக்க விட்டுட்டா திரிஞ்சுரும், சாமி.”

“ஓகோ.” அதைக் கேட்டதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

திருவம்பலம் தாடியைத் தடவினார். “இவர் சொன்னது சரியா இருக்கலாம் போல. சரி, ஒரு வாரம் தங்கட்டும். பார்க்கலாம்.”

“வேலை கிடக்கட்டும் சாமி” என்றேன். “அந்த வாசல்ல நின்னுதான் என்னைப் பொய்யன்னீங்க. அதே வாசல்ல நின்னு, இவர் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்.”

“சொல்லலாம், சொல்லலாம். ஏன் பறக்குறீங்க?”

“ரசம் முடிஞ்சு மோர் எடுத்துட்டாங்க. அவங்க எந்திரிச்சா நேரே பஸ்ஸுக்குப் போயிருவாங்க.”

“போன்ல ஒரு ஆள் சொன்னதை வச்சு உடனே சொல்லிட முடியுமா? நீங்களும் அவரும் பேசி வச்சிருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு இடத்துல விசாரிக்கணும். உங்ககூட வேலை பார்த்தவங்களைக் கேக்கணும். முடிஞ்சா எழுத்துல வாங்கணும். எல்லாம் சரியா இருந்தா, கண்டிப்பாச் சொல்றேன்.”

“யார்ட்டச் சொல்லுவீங்க? காலிப் பந்தியிலயா?”

அவர் சுவாமி பக்கம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்க சுவாமி. ஒரு ஆளைப் பத்தி ஒண்ணு சொல்றதுக்கு முன்னால நாலு இடத்துல விசாரிக்கிறது தப்பா?”

“தப்பே இல்லை. விசாரிக்கத்தான் வேணும்.”

திருவம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சுவாமி மெதுவாகக் கேட்டார்: “இலை போட்டப்போ அந்த வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னீரே, அதுக்கு எத்தனை இடத்துல விசாரிச்சீர்?”

“அது வந்து, சுவாமி, அது முதலாளியே சொன்னது.”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மோர் வாளி வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டது. சம்பந்தியின் தம்பி கையைக் குவித்து வாங்கிக் குடித்தார்.

“இப்பப் போன்ல பேசினது யாரு?” என்றார் சுவாமி.

திருவம்பலம் போனைப் பார்த்தார். சம்பந்தியின் தம்பி இலையை மடித்தார். பாயை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.