தோளில் ஏறிய நீலம்

பொங்கியண்ணன் முதலாளிக்குச் சாயப்பட்டறை மாமனார் வழியில் வந்தது. வாய் மட்டும் சொந்தச் சம்பாத்தியம்.

கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மாரக்காளிடம் காலையிலேயே வந்து குதித்தார். "மத்தியானம் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசரம்மா வர்றாங்க. அதுக்குள்ள இந்த நீலத் தண்ணி வெளுக்கோணும். இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"நொதி போட்டிருக்கறனுங்க. அது சாயத்தைத் தின்னு முடிக்க நாளைக்கு ஆயிருமுங்க."

"நொதியாவது கிதியாவது! நிறத்தை எடுக்கற ஹைட்ரோ பவுடரைக் கொட்டு."

கொட்டினாள். நீலம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் வெளிர்மஞ்சளாக நின்றது.

ஆபீசரம்மா வந்ததும் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் நம்ம நொதி வேலைங்க. சாயத்தைப் பூராத் தின்னுபோட்டுது!"

"ஆமாங்கம்மா," என்றாள் மாரக்காள் பவ்யமாக. "வேணும்னா முதலாளி அவரு வெள்ளைத் துண்டையே முக்கிக் காட்டுவாருங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முக்கினார், பிழிந்தார், துளி நீலமில்லாத துண்டை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டார்.

"டீ குடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா," என்று மாரக்காள் டம்ளரை நீட்டினாள்.

பாதி டீ இறங்குவதற்குள் துண்டு பச்சையானது, பிறகு நீலமானது. சட்டையும் கழுத்தும் உள்ளங்கையும்கூட நீலம்.

"நொதி தின்ன சாயம் உங்க தோளுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்றார் ஆபீசரம்மா.

சொந்தச் சம்பாத்தியமான அந்த வாயை முதலாளி நீல உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மாரக்காள்தான் பதில் சொன்னாள்.

"நொதி இன்னும் பட்டினியாத்தானுங்க கெடக்குது. சாயம் ஹைட்ரோவுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்துச்சு. காத்துப் பட்டதும் தைரியம் வந்து, முதலாளிகிட்டயே ஓடியாந்துருச்சுங்க."