வைக்கோல் போரில் மூச்சுவிட்ட பூதம்

வெகு காலத்துக்கு முன்னால், கரிசூழ் நாட்டை வீரகண்டன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். அவனுக்கு நெருப்பைப் பார்க்க ஆசை. அறுவடை முடிந்ததும் தாள், தட்டை, சருகு எல்லாவற்றையும் வயலிலேயே கொளுத்தச் சொல்லி, மேல்மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். தீப்பந்தம் பிடிக்கும் வேலை பிரதானி நச்சாண்டாருக்கு. எட்டு வருசம் இப்படி எரித்ததில் மண் செத்துப்போனது. புழு இல்லை, அதனால் குருவி இல்லை. பொழுது விடிந்தாலும் நாட்டில் ஒரு சத்தம் கேட்காது.

முத்திருளன் என்ற குடியானவனின் நிலம் மட்டும் பச்சையாக இருந்தது. முதல் வருசம் நச்சாண்டார் அவன் வைக்கோலைக் கொளுத்தியபோது கன்றுக்குட்டியும் சேர்ந்து கருகியது. அதை அவன் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தாளையெல்லாம் இரவோடு இரவாக அள்ளி, தோப்புக்குள் சாணியும் தண்ணீரும் தெளித்துக் குவித்து மக்கவைத்து, நிலத்துக்குப் போட்டான்.

ஒரு மார்கழி விடியலில் நச்சாண்டார் ராசாவைக் கூட்டிக்கொண்டு தோப்புக்கே வந்துவிட்டார்.

"பாருங்கள் மகராசா! மூச்சு விடுகிறது!"

பனிக்குள் ஆளுயரக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. தீயில்லை, கங்கில்லை. ஆனால் ஆவி எழுந்து எழுந்து அடங்கியது. நச்சாண்டார் ஈட்டியை உள்ளே செருகி உருவினார். இரும்பு சுட்டது. நுனியில் நரைத்த மயிர்போல வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தன.

ராசா கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் வயிறுபோல் இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"போன மாதம் இரண்டாள் உயரம் இருந்தது. தன்னையே தின்கிறது. நாளைக்கு நம்மைத் தின்னும். பூதம் வளர்க்கும் இவன் தலையை வாங்குங்கள். நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் நச்சாண்டார்.

முத்திருளன் ராசாவின் முகத்தைப் பார்த்தான். வெறும் எரு என்று சொன்னால் இந்த முகம் நம்பாது.

"பூதம்தான் மகராசா" என்றான். "பிரதானி ஐயா கண்ணுக்குத் தப்புமா? என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிலம் யாருக்கோ, பூதமும் அவருக்குத்தான். தினம் தீனி போடவேண்டும். ஐயா நல்ல சதைப்பிடிப்பாக இருக்கிறார், ஒருநாள் மறந்தாலும் அதற்குக் குறை இருக்காது."

நச்சாண்டார் நாலடி பின்னால் போனார். "எனக்கெதற்கு இவன் நிலம்?"

"இதைக் கொல்ல வழியில்லையா?" என்றான் ராசா.

"பட்டினி போட்டால் ஒரு மண்டலத்தில் சாகும். அதுவரை நாட்டில் எவனும் வைக்கோலைக் கொளுத்தக் கூடாது. புகை வாடை பட்டால் வெறி பிடிக்கும். செத்த உடம்பை உயிரே இல்லாத இடத்தில் பரப்பவேண்டும்."

"அரண்மனை வயலில் உயிர் இல்லை. நாற்பத்தெட்டாம் நாள் வருவேன். சூடு இருந்தால் உன் தலை இருக்காது."

அன்றிலிருந்து முத்திருளன் சூடு ஆறட்டும் என்று குவியலைப் புரட்டினான், நனைத்தான், மறுபடி புரட்டினான். முப்பதாம் நாளும் கொதித்தது. புரட்டப் புரட்ட அது விழித்துக்கொள்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். தன் கையால் வளர்த்ததுதான். ஆனாலும் இருட்டில் அது மெல்லத் தாழ்ந்து அமுங்கும்போது அவனுக்கே முதுகு சில்லிட்டது. நாற்பத்தைந்தாம் நாளும் வெதுவெதுப்பு போகவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் ராசா முழங்கை வரை கையை விட்டான். பக்கத்தில் கொலையாள் நின்றான். நச்சாண்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

குளிர்ச்சி. கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வந்தது.

"செத்துவிட்டது" என்று முணுமுணுத்தான் ராசா.

அதை அரண்மனை வயலில் பரப்பி உழுதார்கள். அடுத்த மழைக்கு, எட்டு வருசத் தீயில் புல்லும் முளைக்காமல் போன அந்த இடத்தில் கம்பு இடுப்பளவு நின்றது. ஒரு காலையில் குருவிச் சத்தம் கேட்டு, என்னவோ ஏதோவென்று ராசா அலறி எழுந்தான். பிறகு விளங்கியது. முத்திருளனைக் கூப்பிட்டனுப்பினான்.

"உண்மையைச் சொல். அது பூதமா?"

"மக்கின வைக்கோல், மகராசா. பூதமென்று சொன்னது பிரதானி ஐயா. ஆமாம் போட்டது மட்டும்தான் நான். கழுத்து என்னுடையது அல்லவா?"

இனி எவனும் வயலில் தீ வைக்கக்கூடாது, அரண்மனைத் தாளையும் குவித்து மக்கவைக்கவேண்டும் என்று ராசா முரசறையச் சொன்னான். பிறகு, "என்ன வேண்டும், கேள்" என்றான்.

"பொன் வேண்டாம். என் கன்றுக்குட்டி திரும்பி வராது. அரண்மனைக் குவியலுக்குத் தினமும் விடியலில் பிரதானி ஐயாவே தீனி போடட்டும். தன் கையால்."

அப்படியே நடந்தது. பூதமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நாட்டுக்கே தெரியும். ஆனால் தானே பெயர் வைத்த அந்தப் பூதம் பனியில் முகத்தருகே மூச்சு விடும்போதெல்லாம், நச்சாண்டார் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். காவலாளிகள் திரும்பப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். முத்திருளன் தினமும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு விடியலும் தவறவிடவில்லை.