பழம் விட்ட மறுநாள்

“ஒரு தழும்பைக் காட்டச் சொல்லுங்கள், தாயே. ஒரே ஒரு தழும்பு. அதன் பிறகு என்னைக் குற்றவாளி என்று சொல்லட்டும்.”

என்றார் தலைமையாசிரியர் பூவராகன். ஆசிரமக் கூடத்தில் தம் குருவான அம்மையின் எதிரே அவர் அமர்ந்திருந்தார். அம்மைக்கு நாற்பது வயதிருக்கும், அவருக்கோ ஐம்பத்தாறு. தம்மினும் இளைய பெண் ஒருவரைக் குருவாக ஏற்றதற்கு ஊரார் சிரித்தபோதும் அவர் பொருட்படுத்தியதில்லை. குன்றின் அடிவாரத்தில் அம்மை தொடங்கிய உறைவிடப் பள்ளியைப் பதினோரு ஆண்டுகளாகக் கண்ணை இமை காப்பதுபோல் காத்துவருபவர் அவர்.

சற்றுத் தள்ளிச் செங்கோடன் நின்றிருந்தார். மலையில் மரவள்ளி பயிரிடுபவர். ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் பொற்கொடியை அழைத்துப்போக வந்திருந்தார். அவர்கள் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள். இப்போது மலையேறினால் இனி எந்தப் பள்ளியின் வாசலையும் மிதிக்க மாட்டாள்.

அது மூவருக்கும் தெரியும்.

“அவளை யாரும் அடிக்கவில்லையா?” என்று அம்மை கேட்டார்.

“இல்லை.”

“திட்டவில்லையா?”

“இல்லை.”

“பின் என்னதான் செய்தார்கள்?”

பூவராகன் தயங்கினார். இவ்வளவு சிறிய சொல்லைக் குருவின் முன் சொல்ல வெட்கமாக இருந்தது.

“காய் விட்டிருக்கிறார்கள்.”

அம்மை சிரிக்கவில்லை.

சுண்டுவிரலைக் காட்டினால் காய், பேச்சு முறிந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம், பேச்சு மீண்டது. அந்த விரல்களை நீட்டாமல் வளர்ந்தவர் நம்மில் யார்?

நடந்தது இதுதான். வகுப்பில் முதல் மாணவியும் வகுப்புத் தலைவியுமான வான்மதி, கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைப் போட்டாள். “கீழ இருக்கிற எண் தப்பு” என்று பொற்கொடி சொன்னாள். தப்புத்தான். வகுப்பு சிரித்துவிட்டது. அன்று மதியமே வான்மதி சுண்டுவிரலைக் காட்டினாள். அத்தோடு நிற்கவில்லை. “அவகூட எவ பேசுறாளோ, அவளுக்கும் காய்” என்று அறிவித்தாள்.

வகுப்பில் பொற்கொடியைத் தவிர இருபத்து மூன்று பேர். நாற்பது நாள்களாக ஒருவர்கூடப் பேசவில்லை.

“என்னிடம் வந்து சொன்னாள். நான் சும்மா இருந்தேனா, தாயே? மறுநாளே காலை வழிபாட்டில் இருவரையும் மேடைக்கு அழைத்தேன். எல்லார் முன்னிலையிலும் பழம் விடச் செய்தேன். முந்நூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். பத்து நாள் ஆகிறது. இப்போது வகுப்பே அவளுக்குப் பழம் காட்டுகிறது. என் அறைச் சன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். சிரித்த முகத்தோடு காட்டுகிறார்கள். இன்னும் என்ன குறை?”

அம்மை செங்கோடன் பக்கம் திரும்பினார்.

“உங்களிடம் சொன்னாளா, ஐயா?”

“சொன்னா தாயி. ஞாயித்துக்கிழமை பாக்க வரும்போது ரெண்டு தடவ சொன்னா.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“கண்டுக்காம படிக்கிற வேலையப் பாருன்னேன்.”

“மூன்றாம் தடவை?”

“மூணாந்தடவ சொல்லலீங்க.”

“பிறகு எப்படிப் புறப்பட்டு வந்தீர்கள்?”

செங்கோடன் தோள்துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“போன ஞாயிறு வந்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘அப்பா, இந்த வருசம் கெழங்கு புடுங்க ஆளு வேணுமா?’ன்னு. அதான் கூட்டிட்டுப் போக வந்துட்டேன் தாயி.”



“அவள் சொல்லாததை நீங்கள் கேட்டீர்கள். அது பெரிய காது” என்றார் அம்மை. “நாளை மதியம் வரை எனக்குத் தருவீர்களா?”

செங்கோடன் கைகூப்பினார். அம்மை பூவராகன் பக்கம் திரும்பினார்.

“வாத்தியாரே, இன்று மாலை, நாளைக் காலை, நாளை மதியம். மூன்று வேளையும் பொற்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.”

“விசாரிக்கவா, தாயே?”

“சாப்பிட.”

“அவளிடம் நான் என்ன கேட்பது?”

“குழம்பு போதுமா என்று கேளுங்கள்.”

*

சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட பாய்கள் விரித்திருந்தன. ஏழாம் வகுப்பின் பாயில், கடைசியில், கை கழுவும் இடத்தை ஒட்டிப் பொற்கொடி அமர்ந்திருந்தாள். தலைமையாசிரியர் தட்டோடு வந்ததைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

“உட்கார், அம்மா. சாப்பிடத்தான் வந்தேன்.”

அவர் எங்கும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவே இரண்டு பேர் தாராளமாக அமரும் இடம் காலியாக இருந்தது.

பாயின் மறுகோடியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

“குழம்பு போதுமா?”

“போதும் சார்.”

அன்று மாலை அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

*

மறுநாள் காலை உப்புமா. பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுவது அப்பள்ளியின் வழக்கம். கரண்டி வரிசையாக வந்தது. தலைமையாசிரியரின் தட்டில் குவித்து வைத்தது. அப்படியே திரும்பிவிட்டது.

பொற்கொடியின் தட்டு வெறுமையாக இருந்தது.

“ஏ பிள்ளை!” என்று கூப்பிட வாயெடுத்தார் பூவராகன்.

“வேணாம் சார்” என்று பொற்கொடி மெல்லச் சொன்னாள். “எல்லாருக்கும் வெச்சு முடிச்சிட்டு வருவாங்க. கடைசியில வெச்சிடுவாங்க.”

யாரோ தவறு செய்துவிட்டதற்கு அவள் சமாதானம் சொல்வதுபோல் இருந்தது அது.

அவர் தம் தட்டைத் தொடவில்லை. அவள் தட்டு நிறையும் வரை காத்திருந்தார். உப்புமா ஆறிவிட்டிருந்தது.

*

மதியச் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் கை கழுவ எழுந்தார்கள். அவ்வழி செல்வோர் பொற்கொடியைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

முதலில் வந்த பெண் சற்றே குனிந்தாள். இரண்டு விரல்களைச் சேர்த்துப் பொற்கொடியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இனிக்க இனிக்கச் சிரித்தாள். ஒரு சொல் பேசாமல் போனாள்.

அடுத்தவள் வந்தாள். இரண்டு விரல். சிரிப்பு.

அதற்கடுத்தவள்.

சன்னலிலிருந்து பத்து நாள்களாக அவர் கண்டு மகிழ்ந்த அதே காட்சி. ஆனால் சன்னலிலிருந்து சிரிப்பு மட்டும்தான் தெரியும். தரையில் அமர்ந்தவருக்குக் கண்கள் தெரிந்தன. எச்சில் விரல்கள் அவர் மூக்கையும் உரசுவதுபோல் போயின. ஏழாவது பெண்ணுக்குமேல் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது.

“என்னம்மா சொல்கிறாய்?”

“எண்ணுறேன் சார். இன்னிக்கி இருபத்திரண்டுதான். பாரிஜாதம் காட்டல.”

அவள் குரலில் பகை இல்லை. அழுகையும் இல்லை. ஒருத்தி குறைந்ததன் சின்ன மகிழ்ச்சி மட்டும் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் எத்தனையோ பெரியோரைக் கண்டவர் பூவராகன். அந்தக் குழந்தையின் பொறுமைக்கு முன்னால் தாம் கூசிப்போனதை அவர் மறைக்கவில்லை.

“மேடைக்கு முன்னால் எப்படி இருந்தது, பொற்கொடி?”

“முன்னாடி பேச மாட்டாங்க, அவ்வளவுதான் சார். மேடைக்கு அப்புறந்தான் சிரிக்க ஆரம்பிச்சாங்க.”

*

அவர் ஆசிரமத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

“தாயே, வான்மதியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து இன்றே அடித்துவிடுகிறேன்.”

“அடித்துவிட்டு?”

“பள்ளி தூய்மையாகிவிடும்.”

“பரிமாறியவள் வான்மதியா?”

“இல்லை.”

“அந்த மேடையைப் போட்டவள்?”

பூவராகன் தலைகுனிந்தார்.

“வான்மதியும் பன்னிரண்டு வயதுக் குழந்தை. வேறொரு பள்ளிக்குச் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கேயும் ஒரு சன்னல் இருக்கும்.”

“அப்படியானால் நான் என்னதான் செய்வது? நீங்களே சொல்லுங்கள்.”

“என்னையா கேட்கிறீர்கள்?”

அவர் வணங்கவும் மறந்து, வந்த வழியே திரும்பி நடந்தார்.

*

பொற்கொடி விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியர் அவள் எதிரே, படியில் அமர்ந்தார்.

“நீ வந்து சொன்ன அன்றே கேட்டிருக்க வேண்டும். இன்று கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும், அம்மா?”

அவள் வெகுநேரம் யோசித்தாள். இதற்கு முன் யாரும் கேட்டிராத கேள்வி.

“என்கூடப் பேசச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க சார். அந்த ரெண்டு வெரல மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம்...”

“சொல்.”

“என்னைய மேடைக்குக் கூப்பிடாதீங்க.”

*

அவர் யாரையும் மேடைக்கு அழைக்கவில்லை. ஏழாம் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்காராமல் நின்றார். இருபத்து மூன்று முகங்கள் அவரைப் பார்த்தன.

“பிள்ளைகளே, இந்தப் பள்ளியில் நாற்பது நாள்களாக ஒரு கொடுமை நடந்தது. ஒரு குழந்தை வந்து என்னிடம் சொன்னாள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். அவளைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் கைதட்ட வைத்தேன். அந்தத் தவறு என்னுடையது. அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன்.”



வான்மதி எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“நாங்க யாரும் அவள அடிக்கலையே சார்.”

“நானும் அதைத்தான் சொன்னேன், வான்மதி. நேற்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.”

அவர் வகுப்பு முழுவதையும் பார்த்தார்.

“இரண்டு விரல் இன்றோடு நின்றது. இது என் கட்டளை. பேசுவதும் பேசாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். பேசாதே என்று இன்னொருத்தியைத் தடுக்க இங்கே யாருக்கும் உரிமை இல்லை. வான்மதி, வகுப்புத் தலைவி வேலையைச் சில நாள் வேறொருவர் பார்க்கட்டும். உன் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். உன்னைத் திட்டுவதற்கல்ல. நாம் மூவரும் உட்கார்ந்து பேசுவதற்கு. நீயும் என் பிள்ளைதான்.”

வான்மதி சட்டென்று உட்கார்ந்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பாரிஜாதம்.

“நான் பேசியிருந்தா எனக்கும் காய் விட்டிருப்பாங்க சார்.”

“தெரியும், அம்மா. உனக்குத் துணையாக நிற்கப் பெரியவர் ஒருவர்கூட இங்கே இல்லை என்று நீ நினைத்தாய். அப்படி நினைக்க வைத்தவர்கள் நாங்கள். இனி யாருக்கு எது நேர்ந்தாலும், யாருக்கு நேர்வதைக் கண்டாலும், எந்த ஆசிரியரிடமும் வந்து சொல். சாட்சி கேட்க மாட்டோம். தழும்பு கேட்க மாட்டோம். சொன்னவளை யாரென்று காட்டவும் மாட்டோம்.”

*

வாயிலில் செங்கோடன் புறப்பட ஆயத்தமாக நின்றிருந்தார். தகரப் பெட்டி அவர் தோளில் இருந்தது. பொற்கொடி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் அவளை இருக்கச் சொல்லவில்லை. வகுப்பில் பேசியதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிறகு அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முன் கைகூப்பினார்.

“என்னை மன்னித்துவிடு, அம்மா.”

செங்கோடன் பதறிப்போனார். “ஐயோ சார், கைய எறக்குங்க!”

“இருக்கட்டும், ஐயா. இது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு.”

செங்கோடன் மகளைப் பார்த்தார். பெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“பாப்பா, ரெண்டு தடவ நீ சொன்னப்ப நாந்தான் பேசிட்டேன். இப்ப நீ சொல்லு. நான் கேக்கறேன்.”

பொற்கொடி தலைமையாசிரியரைத்தான் பார்த்தாள்.

“சாயங்காலமும் அங்கதான் உக்காருவீங்களா சார்?”

“அங்கேதான்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும்.”

“எத்தன நாளைக்கு சார்?”

“போதும் என்று நீ சொல்லும் வரை.”

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“ஏம்ப்பா, தோள் வலிக்காதா? எறக்கி வையேன்.”