முந்நூற்று நாற்பதாம் ஏடு

செம்பாறை நாட்டை வீரகண்டன் என்று ஒரு மகாராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். யாராவது புதுசாக எதையாவது கொண்டுவந்து காட்டினால் மட்டும் வாயைப் பிளந்துவிடுவார். அப்படித்தான் கடல் தாண்டி வந்த திரவியநாதன் என்ற வியாபாரியிடம் மாட்டினார்.

அவன் கொண்டுவந்தது பேசும் மைனா. முதல் மைனா இனாம்! மழை வருமா என்றால் சொல்லும், பிள்ளை அழுதால் தாலாட்டும். வீட்டுக்கு வீடு கூண்டு தொங்கியது. ஆனால் அது தின்கிற தினை அவன் கடையில் மட்டும்தான் கிடைக்கும். வருஷம் திரும்பினால் பழைய மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "நீலமூக்கு மைனா வந்திருக்கிறதே, வாங்கவில்லையா?" என்பான். வேண்டாம் என்றவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மைனா இல்லாதவனைச் சந்தைக்குள் விடமாட்டார்கள், ஓடத்தில் ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான்!

கூண்டோடு ஓர் ஓலைக்கட்டும் வரும். மொத்தம் ஐந்நூறு ஏடு. அதன் அடியில் கட்டைவிரல் ரேகை வைத்தால்தான் மைனாவைக் கொடுப்பார்கள். எவன் படித்தான்? மகாராஜாவே படிக்கவில்லை!

சாயங்காலம் திரவியநாதனின் கம்பெனி ஆள் தினை போட வருவான். அன்றைக்கு வீட்டில் கேட்டதையெல்லாம் மைனா அவனிடம் ஒப்பிக்கும். மறுநாள் காலையில் அதற்கேற்ற சரக்கோடு ஒருத்தன் வாசலில் நிற்பான். முட்டி வலிக்கிறது என்று முனகியிருந்தால் எண்ணெய். புருஷனோடு சண்டை போட்டிருந்தால் வசிய மை.

ஒரு நாள் பூக்காரி இருளாயி தலைவிரி கோலமாகச் சபைக்குள் ஓடிவந்தாள்.

"மகாராசா! நாளன்னைக்கு என் மக பவளத்துக்குக் கல்யாணம். பந்தல்கூடப் போட்டாச்சு. இப்ப நின்னு போச்சுங்க!"

"ஏனம்மா, என்ன ஆயிற்று?"

"மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் நீளம். 'அதுல துணி காயப்போடலாம் போல இருக்கும்மா'ன்னு பவளம் அடுப்படியில சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். மறுநாளே இந்த மைனாக் கம்பெனி ஆளு சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நின்னுட்டான். கையில மூக்கைச் சுருக்கற தைலம்! 'பொண்ணு வீட்டுல மூக்கைப் பத்திப் பேசிக்கிட்டாங்க'ன்னு வேற சொல்லியிருக்கான், கட்டையில போறவன்!"

சபையே கொல்லென்று சிரித்தது. இருளாயி மட்டும் அழுதாள்.

சபையில் உட்கார்ந்திருந்த திரவியநாதன் எழுந்து தொண்டையைக் கனைத்தான். "முந்நூற்று நாற்பதாம் ஏடு, மகாராஜா. 'மைனா கேட்டதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி அதை யாரிடமும் சொல்லலாம்.' கீழே இந்த அம்மாவின் ரேகை இருக்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்?"

"சரியாகத்தானே சொல்கிறார்?" என்றார் மகாராஜா. "என் அந்தப்புரத்திலும்தான் மைனா இருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே!"

சொல்லிவிட்டுச் சிங்காதனத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தார். ஒரு மாதமாக அதில் இரண்டு மெத்தை அதிகமாகப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அரண்மனை விகடகவி தாண்டவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மகாராஜா, தீர்ப்பை நாளைக்குச் சொல்லுங்கள். அதுவரை கோட்டை வாசல் காவலை எனக்குக் கொடுங்கள்."

"உனக்கா? ஈட்டி தூக்கத் தெரியுமா?"

"தூக்கவே போவதில்லை, மகாராஜா."

"போய் நில், போ!" என்று மகாராஜா சிரித்தார்.

மறுநாள் காலை சபை கூடியது. பக்கத்தில் மகாராணி. எதிரே திரவியநாதன். மூலையில் இருளாயி. திடீரென்று கதவு திறந்தது. தலையில் பானையோடு ஒருத்தன் உள்ளே வந்தான்.

"மூல லேகியம்! மகாராஜாவுக்கு மூல லேகியம்! 'ஐயோ அம்மா, முருகா'ன்னு நேத்து மூணு தரம் கத்தினீங்களாமே! ஒரு மண்டலம் சாப்பிடுங்க, நேரா உட்காரலாம்!"

சபை முழுக்க அந்த இரண்டு மெத்தையைப் பார்த்தது. மகாராஜா முகம் சிவந்தது. அதற்குள் இரண்டாவது ஆள் வந்துவிட்டான்.

"காதுப் பஞ்சு! ராணியம்மா பாட ஆரம்பிச்சா அடைச்சுக்கப் பஞ்சு! மகாராஜா புலம்பினாராமே!"

மகாராணி மெல்லத் திரும்பினாள். "புலம்பினீர்களா?"

"இல்லை... அது... குளிருக்கு..."

மூன்றாமவன் சேனாதிபதியைப் பார்த்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தான்.

"வாயைத் திறந்தால் தலை போய்விடும்!" என்று மகாராஜா எழுந்தே விட்டார். "தாண்டவா! யாரடா இவர்களை உள்ளே விட்டது?"

"நான்தான், மகாராஜா. இவர்கள் தினமும் வருகிறவர்கள். காவலாளிகள் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள். அதனால்தான் உங்களுக்குத் தொந்தரவில்லை. இருளாயி வீட்டு வாசலில் காவலாளி ஏது? ஒரே ஒரு காலை, அவள் வாசல் மாதிரி உங்கள் வாசலையும் திறந்து வைத்தேன்."

மகாராஜா திரவியநாதன் பக்கம் திரும்பினார். "இனி என் பேச்சு ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது!"

பழக்க தோஷம், அவன் பட்டென்று சொல்லிவிட்டான். "முந்நூற்று நாற்பதாம் ஏடு, மகாராஜா. தங்கள் ரேகையும்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன பிரயோஜனம்? உச்சிப்பொழுதுக்குள் அவன் கப்பல் கிளம்பிவிட்டது. மைனா இல்லாதவர்களும் சந்தைக்குள் போகலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

சம்பந்தியை அழைத்துவந்தார்கள். கூடவே மாப்பிள்ளை மாடக்கண்ணுவும் வந்தான். "மூக்கு நீளம்தானுங்களே, எனக்குத் தெரியாதா? கோபமெல்லாம் அப்பாவுக்குத்தான்!" என்றான்.

மகாராஜா அந்த அப்பாவைப் பார்த்தார். "என் மூல வியாதியே ஊருக்குத் தெரிந்துவிட்டது. நீ மகன் மூக்குக்கா கோபித்துக்கொள்கிறாய்? போய் மேளத்துக்குச் சொல்லய்யா!"

இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே அழுதாள்.

"தாண்டவா, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

"முதலில் அந்தப்புரத்து மைனாவைத் திறந்து விடுங்கள். அப்புறம் கேட்கிறேன்."

மகாராஜா தானே கூண்டைத் திறந்தார். மைனா விர்ரென்று பறந்து போய்ச் சந்தை நடுவில் இருந்த வேப்பமரத்தில் உட்கார்ந்தது. அச்சு அசல் மகாராஜா குரலில் கத்தியது:

"ஐயோ அம்மா! முருகா! எரியுதே!"

"பிடி! பிடி அதை!" என்று மகாராஜா குதித்தார்.

"இப்போது பிடித்து என்ன செய்ய, மகாராஜா? ரேகை வைத்த அன்றைக்கே உங்கள் பேச்சு வெளியே போய்விட்டது!"

மகாராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்தவர் சுருக்கென்று எழுந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் தாண்டவன் காதில் கேட்டார்:

"அந்த லேகியக்காரன் எந்தப் பக்கம் போனான்?"