பத்துப் பேரில் ஏழு பேர்

மதுரைக்குத் தெற்கே கீழப்பட்டறை என்ற ஊரில் ஓர் அப்பளக் கம்பெனி இருந்தது. முதலாளிகள் மூன்று பேர்: சோணைமுத்து, தவமணி, வீரணன். மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த கோளாறும் அது ஒன்றுதான்.

அப்பளம் அருமையாக இருக்கும். விற்பனைதான் படுத்துவிட்டது. ஆனி மாதத்துக்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, சோணைமுத்துவின் மச்சினன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். மச்சினன் இப்போதே மூன்று மண்வெட்டி வாங்கி வைத்திருந்தான்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் சிதம்பரநாதன். வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் சரக்கை எப்படி எடுத்துச் சொல்வது என்று, சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் தம்பி மகள் மதுவந்தியிடம் சோணைமுத்து போனில் கேட்டார்.

“சும்மா பேசிக்கிட்டே இருக்காதீங்க பெரியப்பா. ஒரு இன்ஃபோகிராஃபிக் வைங்க. விவரத்தைப் படமாக் காட்டுறது. அப்பளத்தைப் பத்தி ஏதாவது புள்ளிவிவரம் இருக்கா?”

இருந்தது. இந்த அப்பளத்தைச் சாப்பிடுகிற பத்துப் பேரில் ஏழு பேர் இரண்டாவது கேட்கிறார்கள் என்று, பந்தி பரிமாறும் அழகம்மாள் சொல்லியிருந்தாள்.

“அது போதும். பத்து ஆளை வரிசையா நிறுத்துங்க. ஏழு பேருக்குக் கலர் அடிங்க. மூணு பேரை வெள்ளையா விட்ருங்க. மூணு செகண்ட் பாத்தாப் புரியணும். ஆதாரத்தை மறக்காம அடியில போடுங்க.”

சோணைமுத்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளிகள் மூன்று பேர், அக்கம்பக்கத்தில் பிடித்த ஆட்கள் ஏழு பேர். பத்து சரியாக வந்தது. கம்பெனிக் கதவுக்கு வாங்கியதில் ஒரு டின் பச்சைப் பெயிண்ட் மிச்சமிருந்தது. யாருக்கு அடிப்பது என்பதில்தான் சிக்கல்.

“ரெண்டாவது அப்பளம் கேக்குறவங்கெல்லாம் கையத் தூக்குங்கப்பா” என்றார் சோணைமுத்து. பத்துக் கையும் மேலே போனது.

“இது தப்பு. மூணு பேருக்குப் பிடிக்கக் கூடாதுல்ல” என்றார் தவமணி.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வீரணன் பெயர் வெள்ளையில் விழுந்தது. அப்பளம் இல்லாமல் கஞ்சிகூடக் குடிக்காத மனிதர் அவர்.

“அண்ணே, எனக்கு நெசமாவே பிடிக்கும்ணே.”

“பிடிச்சா விவரம் பொய்யாயிரும் வீரணா. தொழில்னா நேர்மை வேணாமா? ஒண்ணு போதும்னு சொல்லிப் பழகு.”

வீரணன் சுவரைப் பார்த்து நின்று “ஒண்ணு போதும், ஒண்ணு போதும்” என்று சொல்லிப் பழகினார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. எனக்கே பாவமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சிதம்பரநாதன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு போர்வை தொங்கியது. வரிசையில் நின்றபடியே தவமணி, கையில் கடிகாரத்தோடு போர்வையை விலக்கினார். தலைமுதல் கால்வரை பச்சையாக ஏழு பேர். வெள்ளை வேட்டி சட்டையில், முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு மூன்று பேர். அவர்கள் காலடியில் அழகம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. போர்வை விழுந்தது.

“என்னய்யா அது?” என்றார் சிதம்பரநாதன்.

“புரியலீங்களா?”

“இன்னொரு தடவை காட்டுங்க.”

காட்டினார்கள். அதே மூன்று செகண்ட். மறுபடி போர்வை.

“யோவ், கொஞ்ச நேரம் காட்டுனா என்ன?”

“மூணு செகண்டுல புரியணும்னு உத்தரவுங்கய்யா. நாங்க மீற முடியாது.”

“சரி, அந்தம்மா ஏன் கீழ உக்காந்திருக்கு?”

“அவங்கதாங்கய்யா ஆதாரம்.”

சிதம்பரநாதன் எழுந்தார். செருப்பைத் தேடினார். மூன்று மண்வெட்டியும் சோணைமுத்துவின் கண் முன்னால் வந்து நின்றன.

அப்போதுதான் ஆதாரம் தானே எழுந்து அடுப்படிக்குப் போனது. அழகம்மாள் ஓர் அப்பளத்தைப் பொரித்துத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். “இதத் தின்னு பாத்துட்டுப் போங்கய்யா” என்றாள்.

சிதம்பரநாதன் நின்றபடியே கடித்தார். தின்று முடித்தார். பிறகு தட்டை நீட்டினார். “இன்னொண்ணு போடும்மா.”

போர்வைக்குப் பின்னால் சலசலப்பு.

“ரெண்டாவது கேட்டுட்டாருண்ணே” என்றார் தவமணி.

“கேட்டாருல்ல. அப்ப அவரும் கலர்தான்.”

“ஆனா பத்துல ஏழுதானே வரணும்?”

“அவருக்குக் கலர் அடிச்சா பச்சை எட்டாயிரும். ஒரு பச்சையைக் கழட்டி விட்டாச் சரியாப் போச்சு.”

“பச்சையை எதுக்குக் கழட்டணும்? என்னையக் கழட்டி விடுங்கண்ணே” என்று கெஞ்சினார் வீரணன். யாரும் காதில் வாங்கவில்லை.

சிதம்பரநாதன் இரண்டாவது அப்பளத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது தோளில் ஏதோ சில்லென்றது. திரும்பினால், பச்சை ஆள் ஒருவர் பிரஷோடு பணிவாக நின்றார். “கொஞ்சம் ஆடாம இருங்கய்யா. முழங்கை வரைக்கும் வந்துட்டோம்.”

அவர் பதறி வாசலுக்கு ஓடினார். ஆனால் தட்டை விடவில்லை. வாசலில் நின்று மிச்சத்தையும் தின்றுவிட்டுத்தான் பேசினார்.

“ஆவணி முகூர்த்தத்துல ஆயிரம் பேர் கல்யாணம். அப்பளம் உங்களது. ஆனா ஒண்ணு. இங்க எனக்கு எப்படிக் குடுத்தீங்களோ, அங்கயும் எல்லாருக்கும் அப்படியே குடுக்கணும். ஒண்ணும் மாறக் கூடாது.”

சோணைமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். சூளைக்குப் போக வேண்டியதில்லை. வீரணனுக்கு அன்று மத்தியானம் எட்டு அப்பளம் கிடைத்தது.

ஆவணி வந்தது. முகூர்த்தத்துக்கு முதல்நாளே மண்டப வாசலில் வேன் வந்து நின்றது. அப்பளக் கட்டுகளை இறக்கினார்கள். பிறகு, எழுநூறு பேருக்குக் காணும் அளவுக்குப் பச்சைப் பெயிண்ட் டின்களை இறக்கினார்கள். கடைசியாகப் போர்வை இறங்கியது.

பெண்ணின் அப்பா ஓடி வந்தார். சோணைமுத்து அவரை ஓரமாகக் கூட்டிப்போய், பிரஷைப் பின்னால் மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்:

“ஒரே ஒரு சந்தேகம்தாங்கய்யா. மாப்பிள்ளை அந்த எழுநூறுல வர்றாரா, முந்நூறுல வர்றாரா?”